இடைக்கோளத் தடுப்பு: இரட்டைத் துடிப்பு அளவும் மௌனக் காலமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

இளம் ஆய்வாளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மூளையின் ஒரு பக்க இயக்கப் புறணி மறுபக்க இயக்கப் புறணியை எந்த அளவுக்கு அடக்கி வைக்கிறது என்பதைக் காந்தத் தூண்டலால் அளப்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் பகுதி. வலக்கைப் பழக்கமுள்ள, நோயற்ற பெரியவர்களிடம் ஒரே அமர்வில் இரண்டு முறைகளையும் செய்கிறேன்.

முதல் முறையில் இரண்டு சுருள்கள். இடது இயக்கப் புறணிக்கு ஒரு முன்துடிப்பும், 10 மில்லிவினாடி கழித்து வலது இயக்கப் புறணிக்கு ஒரு சோதனைத் துடிப்பும் கொடுத்து, இடது கையின் சுட்டுவிரலை அசைக்கும் முதல் முதுகுப்புற இடையெலும்புத் தசையில் தோன்றும் எம்.இ.பி. (புறணியைத் தூண்டும்போது தசையில் எழும் மின்) அலை எவ்வளவு சிறுத்துப்போகிறது என்று பார்க்கிறேன். இரண்டாம் முறையில் ஒரே சுருள்தான். பங்கேற்பவர் இடது கைத் தசையை இறுக்கிப் பிடித்திருக்கும்போதே இடது இயக்கப் புறணியைத் தூண்டி, அதே பக்கக் கையின் தசைமின் பதிவு சற்று நேரம் அடங்கிப்போகும் மௌனக் காலத்தை அளக்கிறேன்.

இரண்டு முறைகளிலும் தூண்டப்படுவது இடது அரைக்கோளம், அடங்குவது வலது அரைக்கோளம். அப்படியிருக்க, முதல் முறையில் நன்றாக அடங்கியவருக்கு இரண்டாம் முறையில் மௌனக் காலம் நீண்டிருக்கும் என்றே எதிர்பார்த்தேன். என் தரவில் அப்படி எதுவும் இல்லை. எம்.இ.பி. பாதிக்கும் கீழே சுருங்கிய சிலருக்கு மௌனக் காலம் மிகக் குறுகியது; எம்.இ.பி. ஏறக்குறைய மாறாமலே இருந்த ஒருவருக்கு மௌனக் காலம் தெளிவாகவும் நீளமாகவும் இருக்கிறது. பிழை என் கையிலா, கருவியிலா, எதிர்பார்ப்பிலா என்பதைப் புரிந்துகொள்ள உதவுங்கள்.

புறணிவழி

பிழை எதிர்பார்ப்பில்தான் என்பது என் கணிப்பு. ஆனால் அந்த எதிர்பார்ப்பு உங்களுக்கு மட்டும் உரியதன்று. இரு முறைகளுக்கும் "இடைக்கோளத் தடுப்பு" என்ற ஒரே பெயரைச் சூட்டிவிட்ட காரணத்தால் இந்தத் துறைக்குள் நுழையும் எல்லோருக்கும் வருவதுதான்.

1985இல் ஷெஃபீல்டில் பார்க்கரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மண்டையோட்டைத் திறக்காமல், வலியில்லாமல், காந்தத் துடிப்பால் மனித இயக்கப் புறணியைத் தூண்டிக் காட்டினார்கள். 1992இல் ஃபெர்பெர்ட் குழுவினர் இரண்டு சுருள்களைக் கொண்டு, ஒரு பக்கத் தூண்டல் மறுபக்க எம்.இ.பி.யைச் சிறுக்கவைக்கிறது என்பதையும், இரு துடிப்புகளுக்கும் இடையே ஏறக்குறைய 6 அல்லது 7 மில்லிவினாடி கழிந்த பிறகே அது தொடங்குகிறது என்பதையும் காட்டினார்கள். செய்தி ஒரு புறணியிலிருந்து புறப்பட்டு, இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றையான கார்பஸ் கலோசத்தைக் கடந்து, மறுபுறணியின் இடைநியூரான்களை (உள்ளூர் நரம்பணுக்களை இணைப்பவற்றை) எழுப்ப அவ்வளவு நேரம் ஆகிறது. நீங்கள் 10 மில்லிவினாடியைத் தேர்ந்தெடுத்ததன் அடிப்படையும் இதுவே.

இனி, உங்கள் இரு அளவுகளும் உண்மையில் எதைக் கேட்கின்றன என்று பாருங்கள். இரட்டைத் துடிப்பில் தசை ஓய்வில் இருக்கிறது. வலது புறணியில் நீங்களே ஒரு செயற்கைத் துடிப்பால் எழுப்பும் கீழிறங்கு அலைகள் (புறணியிலிருந்து முள்ளந்தண்டு வடம் வழியே இறங்குபவை), முன்துடிப்பின் காரணமாக எவ்வளவு குறைகின்றன என்பதே கேள்வி. கழுத்துப் பகுதியில் முள்ளந்தண்டு வடத்தின் உறைக்கு வெளியே வலி நிவாரணத்துக்காக மின்முனை பொருத்தப்பட்டிருந்தவர்களிடம் 1999இல் டி லாட்சாரோ குழுவினர் இந்த அலைகளை நேரடியாகவே பதிவு செய்தார்கள். சற்றுப் பிந்தி வரும் அலைகளே சுருங்கின. ஆகவே அடங்குவது புறணியின் உள்ளேதான், முள்ளந்தண்டு வடத்தில் அன்று.

மௌனக் காலத்திலோ வலது புறணிக்கு நீங்கள் எதையும் கொடுப்பதில்லை. பங்கேற்பவர் தம் விருப்பத்தால் இடையறாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் கட்டளை, மறுபக்கத்திலிருந்து வந்த ஒரு குறுக்கீட்டால் எவ்வளவு நேரம் தடைப்படுகிறது என்பதே கேள்வி. தூண்டலுக்குப் பின் ஏறக்குறைய 30 முதல் 40 மில்லிவினாடிக்குள் அது தொடங்கி, பெரும்பாலும் 20, 30 மில்லிவினாடி நீடிக்கும். ஒன்று ஓய்வில், மற்றொன்று முயற்சியில். ஒன்று செயற்கை அலையின் உயரம், மற்றொன்று இயல்பான கட்டளையின் இடைவெளி. இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஏறி இறங்கியே தீர வேண்டும் என்பதற்கு உடலியங்கியலில் காரணம் எதுவும் இல்லை.

இன்னொரு கோணமும் உண்டு. இரட்டைத் துடிப்பிலேயே 10 மில்லிவினாடி அருகில் காணும் குறுந்தடுப்பும், 40 மில்லிவினாடி அருகில் காணும் நெடுந்தடுப்பும் ஒரே பொறிமுறையால் நிகழ்பவை அல்ல. நியூரான்களை அடக்கும் வேதிப்பொருளான காபாவின் பி-வகை ஏற்பியைத் தூண்டும் பாக்லோஃபென் மருந்து நெடுந்தடுப்பை வலுவாக்குகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. நீங்கள் 10 மில்லிவினாடியில் மட்டுமே அளந்திருப்பதால், மௌனக் காலத்தோடு ஒப்பிடுவதற்கு 40 மில்லிவினாடி அளவையும் சேர்த்திருந்தால் படம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும்.

கேள்வி கேட்பவன்

இடையே ஓர் அடிப்படைச் சந்தேகம். கார்பஸ் கலோச இழைகளில் மிகப் பெரும்பாலானவை குளூட்டமேட்டை வெளிவிடும் கிளர்ச்சி இழைகள் என்று படித்திருக்கிறேன். கிளர்ச்சி இழை சென்று சேரும் இடத்தில் தடுப்பு எப்படிப் பிறக்கும்? இது கலோசம் வழியாகத்தான் நடக்கிறது என்பதற்கு என்ன சான்று?

புறணிவழி

நல்ல கேள்வி. கடந்து செல்லும் இழை கிளர்ச்சி இழைதான். ஆனால் அது மறுபக்கத்தில் காபாவை வெளிவிடும் உள்ளூர் இடைநியூரான்களையும் எழுப்புகிறது. அந்த இடைநியூரான்களே கீழிறங்கு பாதையின் நியூரான்களை அடக்குகின்றன. ஆக, தடுப்பின் முதல் பாதி கிளர்ச்சி, பின் பாதி காபா. இதனாலேயே சில நிலைகளில், அதாவது முன்துடிப்பு வலுவற்றதாகவும் இடைவெளி மிகக் குறுகியதாகவும் இருக்கும்போது, தடுப்புக்குப் பதிலாக எம்.இ.பி. சற்றே பெரிதாவதையும் காண முடிகிறது.

சான்று நோயாளிகளிடமிருந்து வந்தது. கார்பஸ் கலோசம் பிறவியிலேயே உருவாகாதவர்களிடமும், அதன் நடுப்பகுதி சிதைந்தவர்களிடமும் மௌனக் காலம் காணப்படவில்லை, அல்லது தாமதமாகவும் நலிந்தும் வந்தது என்பதை மேயர் குழுவினர் 1995இல் பதிவு செய்தார்கள். சிறு குழந்தைகளிடமும் மௌனக் காலம் தோன்றுவதில்லை. கலோச இழைகள் முதிர முதிரத்தான் அது வருகிறது. இந்த முறைக்கு இருக்கும் மிகச் சிறந்த ஆதாரமாக நான் கருதுவது இதைத்தான்.

தசைமின் பதிவர்

நான் ஆய்வுக்கூடத்தில் பதிவு எடுப்பவள். உடலியங்கியலை மேலே உள்ளவர் சொல்லிவிட்டதால் கைவேலையைப் பற்றி மட்டும் கேட்கிறேன். முன்துடிப்பின் வலிமை என்ன? சோதனைத் துடிப்பை எப்படிச் சரிசெய்தீர்கள்? ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை பதிவுகள்? மௌனக் காலத்தின் தொடக்கத்தையும் முடிவையும் கண்ணால் குறித்தீர்களா, கணக்கிட்டீர்களா? தசை உண்மையிலேயே தளர்ந்திருந்ததா?

கடைசிக் கேள்வியை வழக்கமான எச்சரிக்கையாக எண்ணிவிட வேண்டாம். பங்கேற்பவர் சோர்ந்து கண்ணயர்ந்தாலும், அடுத்த துடிப்பை எதிர்பார்த்துக் கையை இலேசாக இறுக்கினாலும் எம்.இ.பி.யின் உயரம் மாறிவிடும். தூண்டலுக்கு முந்தைய 100 மில்லிவினாடிப் பதிவைத் தனியே எடுத்து, அதில் தசைமின் சலனம் இருந்தால் அந்தப் பதிவை நீக்கிவிட வேண்டும். நான் இதைப் பதிவின்போதே திரையில் பார்த்துப் பங்கேற்பவரிடம் சொல்லிவிடுவேன். பிறகு கணினியில் நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், சில சமயம் பாதிப் பதிவுகளே மிஞ்சும்.

இளம் ஆய்வாளர்

மிக்க நன்றி அம்மா. முன்துடிப்பு எல்லோருக்கும் ஓய்வு வாசலின் 130 சதவீதம். தளர்ந்த தசையில் பத்துத் துடிப்புகளில் ஐந்திலாவது 50 மைக்ரோவோல்ட் அலையை எழுப்பும் மிகக் குறைந்த வலிமையையே ஓய்வு வாசலாகக் கொண்டேன். சோதனைத் துடிப்பு, தனியாகக் கொடுக்கையில் 1 மில்லிவோல்ட் அளவுள்ள எம்.இ.பி. வரும்படி அமைத்தது. ஒவ்வொரு நிலைக்கும் 12 பதிவுகள். முதலில் தனித் துடிப்புகள் எல்லாம், பிறகு இரட்டைத் துடிப்புகள் எல்லாம். மௌனக் காலத்தைக் கண்ணால் குறித்தேன்.

தசைமின் பதிவர்

விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. மூன்று இடங்களில் கை வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தனித் துடிப்புகளையும் இரட்டைத் துடிப்புகளையும் கலந்து கொடுத்திருக்க வேண்டும். அமர்வு நீள நீளப் புறணியின் கிளர்ச்சித்தன்மை மெல்ல நகரும். ஒரு நிலையை முழுதும் முடித்துவிட்டு மற்றதற்குப் போனால், அந்த நகர்வு முழுவதும் "தடுப்பு" என்ற பெயரில் உங்கள் விகிதத்துக்குள் நுழைந்துவிடும். பன்னிரண்டு பதிவுகளும் போதாது. அடுத்தடுத்த எம்.இ.பி.க்கள் இரண்டு மடங்கு வேறுபடுவது சாதாரணம் என்பதால் நிலைக்கு 20க்குக் குறையாமல், முடிந்தால் 30 எடுங்கள்.

மௌனக் காலத்தைக் கண்ணால் குறிப்பதை விட்டுவிடுங்கள். பதிவுகளை நேர்ப்படுத்தி, சராசரி எடுத்து, தூண்டலுக்கு முந்தைய தசைமின் சராசரியிலிருந்து ஒரு குறிப்பிட்ட திட்ட விலக்கத்துக்குக் கீழே அது இறங்கும் புள்ளியையும் மீளும் புள்ளியையும் கணினியே கண்டுபிடிக்கட்டும். நீளத்தோடு நின்றுவிடாமல் பரப்பளவையும் கணக்கிடுங்கள். பாதி ஆழத்துக்கு மட்டும் இறங்கும் தாழ்வும், அடியோடு மறையும் தாழ்வும் ஒரே நேரம் நீடித்தால் நீளக் கணக்கில் ஒன்றுபோலத் தோன்றிவிடும். பங்கேற்பவர் கையை எவ்வளவு இறுக்குகிறார் என்பதையும் ஒரு விசைமானியால் நிலைப்படுத்த வேண்டும்.

இரண்டு சுருள்களின் இடநெருக்கடியையும் சொல்லாமல் விட முடியவில்லை. எட்டு வடிவச் சுருள்கள் இரண்டையும் நடுக்கோட்டுக்கு 45 பாகைச் சாய்வில் வைக்க முயன்றால், தலை சிறியவர்களிடம் அவை ஒன்றையொன்று முட்டும். அப்போது நம் கை தன்னையறியாமல் முன்துடிப்புச் சுருளைத் திருப்பிவிடுகிறது. சுருள் திரும்பினால் மின்னோட்டத்தின் திசை மாறுகிறது. திசை மாறினால் எழுப்பப்படும் நியூரான் கூட்டமும் மாறுகிறது. சிலரிடம் உங்களுக்கு எம்.இ.பி. மாறாமல் இருந்ததன் காரணம் இவ்வளவு எளிமையானதாகவும் இருக்கலாம். முன்துடிப்புக்குச் சிறிய விட்டமுள்ள சுருளைப் பயன்படுத்துங்கள். இரு சுருள்களின் கோணத்தையும் ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் குறித்து வையுங்கள்.

எண்ணும் கருத்தும்

புள்ளியியல் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகள்.

முதலாவது, எல்லோருக்கும் 130 சதவீதம் என்ற ஒரே வலிமை. இந்த வலிமையில் சிலருக்கு எம்.இ.பி. ஏறக்குறைய முழுதும் மறைந்துவிடும். அதற்குக் கீழே இறங்க இடமில்லை. தரைமட்டத்தைத் தொட்டுவிட்ட இருவருள் யாருக்குத் தடுப்பு அதிகம் என்று இந்த எண்ணால் சொல்ல முடியாது. முன்துடிப்பைப் பல வலிமைகளில் கொடுத்து ஒரு வளைகோடு வரைந்தால், வளைகோட்டின் சரிவிலும் பாதித் தடுப்புக்குத் தேவைப்படும் வலிமையிலும் தனியாள் வேறுபாடு வெளிப்படும்.

இரண்டாவது, ஒட்டுறவின் உச்சவரம்பு. இரு அளவுகளின் நம்பகத்தன்மையைப் பொறுத்தே அவற்றுக்கிடையே காணக்கூடிய ஒட்டுறவு அமையும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒன்றின் நம்பகத்தன்மை 0.6, மற்றொன்றினது 0.7 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் இரு பண்புகளும் முழுக்க முழுக்க ஒன்றே ஆனாலும், தரவில் எதிர்பார்க்கக்கூடிய ஒட்டுறவு அவ்விரண்டின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 0.65. பன்னிரண்டு பதிவுகளில் நம்பகத்தன்மை இதைவிடக் குறைவாக இருந்தால் வரம்பு இன்னும் தாழும். ஆகவே "தொடர்பில்லை" என்று எழுதுவதற்கு முன், ஒவ்வொரு முறையும் தன்னோடு தானே ஒத்துப்போகிறதா என்பதை வேறொரு நாளில் மீண்டும் அளந்து பாருங்கள். புறணிவழி சொன்ன விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் இப்போது கையில் உள்ள தரவு அதை நிறுவவும் போதாது, மறுக்கவும் போதாது.

புறணிவழி

இதை ஏற்கிறேன். நான் பொறிமுறைக்கு நேராகப் போய்விட்டேன். அளவின் நம்பகத்தன்மையே முதலில் கேட்கப்பட வேண்டியது.

நான் பரிந்துரைத்த 40 மில்லிவினாடி அளவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். 10 மில்லிவினாடி இடைவெளிக்கு ஓர் அழகு உண்டு: முன்துடிப்பால் வலக்கைத் தசை அசைவதற்கே 20 மில்லிவினாடிக்கு மேல் ஆகும் என்பதால், கை துடித்த உணர்வு திரும்பி வந்து விளைவைக் குழப்பியது என்று யாரும் சொல்ல முடியாது. 40 மில்லிவினாடியில் அந்தப் பாதுகாப்பு நலிகிறது. அதோடு, திடீரென்று எழும் உரத்த ஒலியே 30 முதல் 60 மில்லிவினாடிக்குப் பின் எம்.இ.பி.யைச் சிறுக்கவைக்கும் என்பது தெரிந்த செய்தி. சுருளின் வெடிப்பொலி சிறிதன்று. காதடைப்பான் செவித்திறனைக் காப்பதற்கு எப்படியும் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. சுருளைத் தலையிலிருந்து விலக்கிப் பிடித்து, ஒலி மட்டும் கேட்கும்படி ஒரு கட்டுப்பாட்டுப் பதிவும் எடுங்கள்.

கைப்பயிற்சியாளர்

நான் பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைப்பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர். ஆய்வாளர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்படாத அரைக்கோளம் பாதிக்கப்பட்ட அரைக்கோளத்தை அளவுக்கு மீறி அடக்குகிறது, அதனால்தான் கை மீள்வதில்லை, நல்ல பக்கத்தைக் காந்தத் தூண்டலால் தணித்தால் கை மீளும் என்று எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. குடும்பத்தினர் என்னிடம் இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேட்கும்போது நானும் அதையே சொல்லி வந்திருக்கிறேன். அளவே இவ்வளவு ஐயத்துக்கு உரியது என்றால் நான் சொன்னது சரியா?

புறணிவழி

இது குறுக்கீடு அன்று. இந்த எண்களுக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதே உங்கள் கேள்வியில்தான் இருக்கிறது.

நீங்கள் கற்ற கருத்துக்கு வலுவான அடித்தளமாக அமைந்தது 2004இல் முராசே குழுவினர் வெளியிட்ட ஆய்வு. நோயற்றவர்களிடம் விரலை அசைக்கப் போகும் கணம் நெருங்க நெருங்க, மறுபக்கத்திலிருந்து வரும் தடுப்பு தளர்ந்து, இறுதியில் ஊக்கமாகவே மாறுகிறது. பக்கவாதம் வந்து நாள்பட்டவர்களிடம் அது தளரவில்லை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஓய்வில் அளந்தபோது இரு குழுக்களுக்கும் இடையே அந்த வேறுபாடு தென்படவில்லை. அசைவுக்கு முந்தைய கணங்களில்தான் அது வெளிப்பட்டது. அந்த ஆய்வைச் சுருக்கிச் சொல்லும்போது இந்த நுட்பம் பெரும்பாலும் உதிர்ந்துபோய், "நல்ல பக்கம் அடக்குகிறது" என்ற ஒரு வரி மட்டும் எஞ்சிவிட்டது.

பக்கவாதம் வந்தவர்களைத் தொடக்கத்திலிருந்தே தொடர்ந்து அளந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. அதில், நோய் வந்த புதிதில் அசைவுக்கு முந்தைய தடுப்பு இயல்பாகவே தளர்ந்தது. நாள்பட்ட நிலையில்தான் குறை தோன்றியது. அப்போது பலருக்குக் கை முன்னைவிட நன்றாகவும் இருந்தது. குறைபாட்டுக்குத் தடுப்புதான் காரணம் என்றால் கால வரிசை இப்படித் தலைகீழாக இருக்க இயலாது. அதற்கு முந்தைய ஆண்டில், நல்ல பக்கத்துக்கு நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் காந்தத் தூண்டல் கொடுத்துப் பயிற்சியும் அளித்த பல மைய ஆய்வின் முடிவு வெளியாகியிருந்தது. உண்மைத் தூண்டல் பெற்றவர்களிலும் போலித் தூண்டல் பெற்றவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறினார்கள். இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை.

யாருக்குமே பயன் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் பயன் தென்பட்டிருக்கிறது. பாதிப்பின் அளவைப் பொறுத்து அது மாறவும் கூடும். ஆனால் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட அரைக்கோளத்தைத் தூண்டினால் எம்.இ.பி. வராதவரிடம் இரட்டைத் துடிப்பை அளக்கவே முடியாது. கையை இறுக்கிப் பிடிக்க இயலாதவரிடம் மௌனக் காலமும் இல்லை. ஆக, யாருடைய கை மிகவும் பாதிக்கப்பட்டதோ, யாருக்காக இந்தக் கொள்கை பேசப்படுகிறதோ, அவர்கள் பெரும்பாலும் இந்த அளவுகளுக்கு வெளியே நிற்கிறார்கள். குடும்பத்தினரிடம் நான் பேசுவதாக இருந்தால், "பயிற்சியின் பயன் உறுதியானது, தூண்டலின் கூடுதல் பயன் இன்னும் ஆராயப்படுகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கைப்பயிற்சியாளர்

நன்றி ஐயா. இனி அப்படியே சொல்கிறேன். நல்ல பக்கத்தைக் குற்றவாளியாக்கிப் பேசியதால், அந்தக் கையைப் பயன்படுத்தவே ஒருவர் அஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். அது என் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது.

இளம் ஆய்வாளர்

சில வாரங்களுக்குப் பின் திரும்பி வருகிறேன். துடிப்புகளைக் கலந்து, நிலைக்கு 30 பதிவுகள் எடுத்து, முன்துடிப்பை ஐந்து வலிமைகளில் கொடுத்து, சிறிய சுருளைப் பயன்படுத்தி, புதிய பங்கேற்பாளர்களிடம் இரண்டு நாள்களில் அளந்தேன். மௌனக் காலத்தைக் கணினியே குறித்தது. நீளத்தையும் பரப்பளவையும் தனித்தனியே வைத்தேன்.

முதலில் குறிப்பிட்டேனே, எம்.இ.பி. மாறாமல் இருந்த ஒருவர் என்று. அவரையும் மீண்டும் அழைத்தேன். அவருக்கு இப்போது 10 மில்லிவினாடித் தடுப்பு தெளிவாகத் தெரிகிறது. முந்தைய அமர்வில் சுருள் இடிபட்டுத் திரும்பியிருந்தது என்றே நம்புகிறேன். ஒவ்வொரு முறையும் இரு நாள்களுக்கிடையே தன்னோடு தானே முன்னைவிட நன்றாக ஒத்துப்போகிறது. மௌனக் காலத்தின் நீளத்தைவிடப் பரப்பளவு நிலையாக இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் இரட்டைத் துடிப்புக்கும் மௌனக் காலத்துக்கும் இடையிலான தொடர்பு நலிந்தே நிற்கிறது. ஆனால் இம்முறை அதை வெறும் அளவுப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆய்வேட்டில் "இடைக்கோளத் தடுப்பு" என்ற ஒற்றைப் பெயரை எடுத்துவிட்டு, "ஓய்வில் 10 மில்லிவினாடி எம்.இ.பி. ஒடுக்கம்" என்றும் "இறுக்கத்தின்போது தசைமின் தடைப் பரப்பளவு" என்றும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வழிகாட்டி, பெயர் நீளமாக இருக்கிறது என்கிறார். இது மிகையா?

எண்ணும் கருத்தும்

மிகையன்று. வளைகோட்டையும் இரு நாள் ஒப்பீட்டையும் பின்னிணைப்பில் ஒதுக்கிவிடாமல் முதல் அட்டவணையிலேயே வையுங்கள்.

தசைமின் பதிவர்

பெயர் நீளமாகவே இருக்கட்டும். அதன் அருகிலேயே சுருளின் விட்டம், கோணம், மின்னோட்டத் திசை, துடிப்பு ஒற்றைத் திசையா இரட்டைத் திசையா, பங்கேற்பவர் கையை இறுக்கிய விசை ஆகியவற்றையும் எழுதுங்கள். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் வேறோர் ஆய்வுக்கூடத்தில் என்னைப் போன்ற ஒருவரால் உங்கள் பதிவைத் திரும்பச் செய்ய முடியாது.